சலாபம் கலைந்த கரை

மன்னார் என்றதும் என் வயதையொத்தவர்களுக்கு நினைவுக்கு வருவன திருக்கேதீச்சரம், மடுமாதா, தலைமன்னார்க் கப்பல், பெருக்கமரம், கழுதை, கருவாடு ஆகியவையே. பறவைகளை அந்தப் பட்டியலில் எவரும் சேர்த்ததில்லை. பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் வங்காலை என்ற ஊர்ப்பெயர் செய்தி மேசைக்கு வந்தபோதெல்லாம் அது போர்ச்செய்தியாகவே வந்தது. 1985 ஜனவரியில் அவ்வூர்ப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்டதை அறியாத பத்திரிகையாளர் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. அதே வங்காலையின் பெயர் இன்று உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. 2008இல் இலங்கை அரசு அப்பகுதியைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. 2010 ஜூலையில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இலங்கையிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற நான்காவது ஈரநிலம் அது. பரப்பு 4,839 ஹெக்டெயர்.

இந்தச் சரணாலயத்தைப் பார்க்கவென்றே ஒரு மாரிக்காலத்தின் இறுதியில் மன்னாருக்குப் போனேன். பறவைகளைப் பற்றி மட்டும் எழுதுவதே நோக்கமாக இருந்தது. ஆனால் அந்தக் கரையில் எங்கு நின்று பார்த்தாலும், பறவைகளுக்குக் கீழே உள்ள மண்ணில் முன்னொரு தொழிலின் எச்சம் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் மன்னாரின் ஈரநிலங்களைப் பற்றி எழுதுவது பாதிக்கதையே ஆகும்.

மாந்தை: ஒரு தொழில் நகரம்

மதவாச்சியிலிருந்து மேற்கே வரும் வீதி கட்டுக்கரைக்குளத்தைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிறது. அக்குளம் 1954ஆம் ஆண்டிலிருந்தே பறவைகள் சரணாலயம். வயல்கள் முடிந்து உவர்வெளி தொடங்கும் இடத்தில், திருக்கேதீச்சரக் கோயிலை அடுத்து, குதிரை லாட வடிவில் ஒரு மேடும் அதைச் சுற்றி அகழிகளின் தடமும் உள்ளன. அதுதான் மாந்தை. தேவார முதலிகளுள் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம் இதுவே. சிங்கள வரலாற்று நூல்களில் இதன் பெயர் மகாதித்த, அதாவது பெருந்துறை.

பக்தர்களுக்கு மாதோட்டம் ஒரு பாடல் பெற்ற தலம். வரலாற்று மாணவருக்கு அது இந்து சமுத்திரத்தின் பெரும் சந்தைகளுள் ஒன்று. ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் 1980இல் தொடங்கி 1984 வரை நடைபெற்ற அகழாய்வில் சீன மட்பாண்டங்களும், மேற்காசியாவிலிருந்து வந்த பளபளப்பு மெருகிட்ட பாண்டங்களும், கண்ணாடி மணிகளும் பெருந்தொகையில் வெளிப்பட்டன. போர் மூண்டதால் அகழாய்வு நின்றுபோயிற்று. அதன் முழு அறிக்கை நூலாக வெளிவர 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போர் முடிந்தபின் 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டியபோது மிளகும், ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு கிராம்பும் கிடைத்தன. கிராம்பு அன்று விளைந்த இடம் இந்தோனேசியாவின் மொலுக்குத் தீவுகள் மட்டுமே. அங்கிருந்து புறப்பட்ட ஒரு கிராம்பு மாந்தை மண்ணில் விழுந்து கரியாகி ஆயிரம் ஆண்டு கிடந்தது என்றால், அத்துறையின் வீச்சு எத்தகையது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மாந்தை சரக்கு ஏற்றி இறக்கும் துறையாக மட்டும் இருக்கவில்லை. அங்கே பொருள்கள் செய்யப்பட்டன. தென்னிந்தியாவின் அரிக்கமேடு போலவே மாந்தையும் சிறு கண்ணாடி மணிகள் செய்யும் நிலையமாக விளங்கியது என்பது மணிகளை ஆராய்ந்த அறிஞர் பீற்றர் பிரான்சிஸின் முடிவு. சங்கு அறுத்து வளையல் செய்ததற்கும், இரும்பு வேலை நடந்ததற்கும் தடயங்கள் உண்டு. உலைக்கு விறகு வேண்டும். சூளைக்கு மண் வேண்டும். தொழிலாளருக்கு நீர் வேண்டும். அநுராதபுரத்திலிருந்து வரும் மல்வத்து ஓயா, நம்மவர் அருவியாறு என்று அழைக்கும் அந்த ஆறு, இந்தக் கரைக்கு நீரையும் பண்டங்களையும் கொண்டுவந்தது. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் தொடங்கிய அந்த நகரம் கிறித்துவுக்குப் பின் 11ஆம் நூற்றாண்டளவில் ஓய்ந்தது. அநுராதபுரம் வீழ்ந்து தலைநகர் பொலநறுவைக்கு மாறியதும், கடல் வணிகத்தின் போக்கு மாறியதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இன்று மேட்டின்மீது முட்பற்றை வளர்ந்துள்ளது. அகழியின் தாழ்ந்த பகுதியில் மழைநீர் நிற்கிறது. மணி செய்தவர்களின் தெருக்கள் இருந்த நிலத்துக்கு அப்பால், வங்காலை வரை, உவர்ச் சேற்றுவெளி விரிந்து கிடக்கிறது.

சேற்றின் பெறுமதி

வெறும் கண்ணுக்கு அது பயனற்ற நிலம். பயிர் விளையாது, வீடு கட்டவும் உகந்ததல்ல. ஆனால் பறவைக்கு அது ஓர் அன்னசத்திரம். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும்போது அருவியாறும் சிற்றோடைகளும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. களப்பின் நீர் உவர்ப்புக் குறைந்து பரந்து நிற்கிறது. மழை ஓய்ந்தபின் வெயில் ஏற ஏற நீர் சுருங்கி, உவர்ப்பு ஏறி, சேறு வெளிப்படுகிறது. அந்தச் சேற்றுக்குள் புழுக்களும், சிறு இறால்களும், நத்தைகளும் செறிந்து கிடக்கின்றன. நீண்ட அலகுள்ள பறவை ஆழத்தில் துழாவுகிறது. குறுகிய அலகுள்ளது மேற்பரப்பைக் கொத்துகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டுகிறது. ஒரே சேற்றில் பல இனங்கள் சண்டையின்றிப் பசியாறுவதன் இரகசியம் இதுதான்.

வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பனி மூடும் காலத்தில் புறப்படும் பறவைகள் மத்திய ஆசிய வலசைப் பாதை வழியே தெற்கு நோக்கி வருகின்றன. இந்தியக் கரையின் இறுதியில் இராமேஸ்வரமும், அடுத்து மணல்திட்டுகளும், அதன் பின்னர் மன்னார்த் தீவும். இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் ஏதும் இல்லை. ஆகவே பறவைகளுக்கு இது வழித்தங்கல் மாத்திரமன்று. பயணத்தின் முடிவிடமும் ஆகும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதி வரை சென்று திரும்புவது தெரியவந்தது. நம்மூர் மீன்வாடிக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிடும் ஒரு பறவை, கோடையில் வடதுருவக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு வந்திருக்கிறது!

வங்காலை ஈரநிலம் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளுக்கு ஆதாரமாக உள்ளது என்பதே ராம்சார் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்ததற்கான காரணங்களுள் ஒன்று. நான் போன காலையில் ஊசிவால் வாத்துகள் ஒரு கறுத்த தீவைப் போல நீரில் மிதந்தன. வீதியில் பேருந்து ஒலியெழுப்பியதும் அத்தீவு அப்படியே எழுந்து, வானில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே இடத்தில் அமர்ந்தது. அருகே நின்ற ஒரு முதியவரிடம், "ஐயா, இவை எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "சண்டைக் காலத்தில இதைவிடக் கூட வந்தது தம்பி. அப்ப றோட்டில வாகனம் இல்லை, ஆக்களும் இல்லை" என்றார். என் நரையைப் பார்த்தும் அவர் தம்பி என்று அழைத்ததில் மகிழ்ச்சியே. ஆனால் அவர் சொன்ன செய்தி என்னை விட்டு அகலவில்லை.

ஈரநிலத்தின் நடுவே செல்லும் வீதியும் புகையிரதப் பாதையும் தனியொரு கதை. 1914இல் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த கப்பல் ரயில் சேவைக்காகத் தலைமன்னார் வரை தண்டவாளம் போடப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1984இல் நின்றது. 1990இல் தீவுக்குச் செல்லும் பாலம் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இலும், தலைமன்னார் வரையான ரயில் 2015 மார்ச்சிலும் வந்தன. இடையில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இந்தக் கரை வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. முதியவர் குறிப்பிட்டது அந்த ஆண்டுகளையே.

அரிப்புக் கரையின் ஆலை

வங்காலையிலிருந்து தெற்கே அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு. கண்டியரசனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் இந்த ஆற்றங்கரை வழியே தப்பிவந்து 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அக்கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, கடலோர மண்மேட்டில், இடிந்த செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. இவ்வளவு வறண்ட கரையில் ஒரு தேசாதிபதிக்கு மாளிகை எதற்கு? கடலுக்கு அடியில் கிடந்த செல்வத்தைக் கண்காணிக்கத்தான்.

முத்துக்குளிப்பை நம்மவர் சலாபம் என்றனர். கடலடியில் சிப்பி செறிந்த திட்டுக்குப் பார் என்று பெயர். பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில், சில பாக ஆழத்தில் இருந்தன. அரசாங்கம் பாரைச் சோதித்து, சிப்பி முதிர்ந்ததென்று கண்டால், பெப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டிக் கடல் அடங்கியிருக்கும் சில வாரங்களுக்குச் சலாபம் அறிவிக்கும். உடனே வெறும் மணற்கரையில் ஓலைக்கொட்டில்களால் ஒரு நகரம் எழும். கச்சேரி, நீதிமன்றம், சிறை, மருத்துவமனை, தபால் நிலையம், கடைத்தெரு யாவும் வந்து சேரும். கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், யாழ்ப்பாணத்தார், பாரசீக வளைகுடா அரபியர் ஆகியோர் குளிக்க வருவர். வாங்குவதற்குச் செட்டிமாரும் பம்பாய் வணிகரும் வருவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகளும் வருவர். அவர்கள் வந்து மந்திரம் ஓதாமல் குளியாளர் கடலில் இறங்க மறுத்ததால், ஆங்கிலேய அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்தது.

குளியாளர் கல்லில் காலைப் பதித்து, கயிற்றின் துணையோடு கடலடிக்குப் போய், ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு மேலே வருவார். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூன்றில் ஒன்று குளியாளருக்கும் படகாருக்கும். அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக அன்றிரவே ஏலத்தில் போகும். வாங்கியவர் வேலியடைத்த முற்றத்தில் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்க்க, எஞ்சியதைக் கழுவி அரித்தால் அடியில் முத்து. கோடிக்கணக்கான சிப்பிகள் ஒரே வேளையில் அழுகும் நாற்றத்தை வாசகர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வுல்வ், அரை நூற்றாண்டு கழித்துத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும் அந்த நாள்களை மறந்திருக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்வின் கணவர் இவரே என்பது பலருக்குத் தெரிந்திருக்கும்.

முத்துக்குளிப்பை நாம் காவியப் பொருளாகவே எண்ணிப் பழகியுள்ளோம். கணக்கேட்டைப் புரட்டினால் அது ஒரு பேராலை என்பது விளங்கும். 1905ஆம் ஆண்டின் சலாபத்தில் 318 படகுகளும் 4,991 குளியாளரும் ஈடுபட்டனர். அள்ளப்பட்ட சிப்பி எட்டுக் கோடிக்கும் மேல். அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல். கழிவும் ஆலைக்கழிவைப் போலவே குவிந்தது. அரிப்புக் கரையில் மைல் கணக்கில், அடிக்கணக்கான தடிப்பில், சிப்பியோடு குவிந்து கிடந்ததை எமர்சன் டெனென்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலில் பதிவுசெய்தார்.

கடல் எல்லா ஆண்டும் கொடுக்கவில்லை. 1891க்குப் பின்னர் பதினொரு ஆண்டுகள் சலாபம் இல்லை. காரணத்தைக் கண்டறிய லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹேட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டார். அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோணெலும் பார்களை ஆராய்ந்தனர். ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. 1903இலிருந்து தொடர்ந்து சலாபங்கள் நடந்தன. நம்பிக்கை கொண்ட அரசாங்கம், பார்களை 1906இல் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. கம்பனி சில ஆண்டுகளில் கலைந்தது. 1925இல் ஒரு சலாபம் நடந்தது, அதுவே இறுதி. இதற்கிடையில் ஜப்பானில் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். பார் மீண்டும் செழித்திருந்தாலும் பழைய விலை கிடைத்திராது.

ஆலை மூடப்பட்டது. கரை பழையபடி வெறிச்சோடியது. 1905இல் பல்லாயிரம் பேர் கூடிய மறிச்சுக்கட்டி, வில்பத்துக் காட்டின் வடவெல்லையில் ஒரு சிறு முஸ்லிம் கிராமமாக மிஞ்சியது.

வெறுமை எப்படி உண்டாகிறது?

இலண்டனில் வாழும் வாசகர்கள் பான்ஸில் உள்ள ஈரநில மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருப்பார்கள். விக்டோரியா காலத்தில் மாநகருக்குக் குடிநீர் வழங்கவென்று கட்டிய நான்கு நீர்த்தேக்கங்கள் அங்கே இருந்தன. புதிய குழாய்த்திட்டம் வந்ததும் அவற்றுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. பறவையியலாளர் பீற்றர் ஸ்கொட் தொடங்கிய அறக்கட்டளை, தண்ணீர்க் கம்பனியுடன் பேசி, திட்டம் வரைந்து, கொங்கிறீற்றை உடைத்து, குளம் வெட்டி, நாணல் நட்டு, 2000ஆம் ஆண்டில் அதைத் திறந்துவைத்தது. பரப்பு ஏறத்தாழ 42 ஹெக்டெயர். தொழிற்பயன் தீர்ந்த இடத்தை இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்ததற்கு உலகமெங்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டு அது. சென்னைக்கு அருகே பள்ளிக்கரணையில் நடந்தது வேறுவகை. குப்பைமேடும் கட்டடங்களும் தின்று தீர்த்ததுபோக எஞ்சிய சதுப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

மன்னாரில் நடந்தது இவ்விரண்டும் அல்ல. இங்கு எவரும் வரைபடம் போடவில்லை. ஒரு தொழில் நகரம் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓய்ந்தது. ஒரு கடலாலை நூறு ஆண்டுக்கு முன் மூடப்பட்டது. ஒரு கப்பல் வழி நாற்பது ஆண்டுக்கு முன் நின்றது. இறுதியாக, போர் மனிதர்களையே அகற்றியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்தும் முசலிப் பகுதியிலிருந்தும் ஊர் ஊராக மக்கள் போயினர். பின்னர் தமிழ்க் கிராமங்களும் மாறிமாறி இடம்பெயர்ந்தன. சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் வீட்டு முற்றங்களில் காடு ஏறியது. வேட்டுச் சத்தம் ஓய்ந்த இடைவெளிகளில் பறவைகள் வந்து இறங்கின.

போர் 2009இல் முடிந்தது. மக்கள் திரும்பினர். அப்போதுதான் சிக்கல் எழுந்தது. முசலிக் கிராமங்களை ஒட்டிய நிலங்கள் 2012இல் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தன. 2017 மார்ச்சில், அன்றைய சனாதிபதி ரஷ்யாவில் பயணத்தில் இருந்தபோது ஒப்பமிட்ட வர்த்தமானி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, வெப்பல் முதலிய பகுதிகளை உள்ளடக்கிய 40,000 ஹெக்டெயருக்கும் மேற்பட்ட பரப்பை மாவில்லுப் பேணற்காடு என்று அறிவித்தது. தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர்கள் வில்பத்துக் காடு அழிக்கப்படுகிறது என்று குரல் கொடுத்தனர். திரும்பி வந்தவர்கள், "இது காடன்று, எங்கள் வளவு; நாங்கள் இல்லாதபோது காடானது" என்றனர். இரு தரப்பும் வழக்குமன்றம் ஏறின.

காடு அழியலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. திரும்பி வருவோரின் பெயரால் புதுநிலம் பிடிப்போரும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கொழும்பில் மேசைமேல் விரித்த செய்மதிப் படத்தில் ஓரிடம் பச்சையாகத் தெரிந்தால், அந்தப் பச்சையின் வயது என்ன, அதற்குமுன் அங்கே யார் இருந்தார் என்று கேட்பது யார் பொறுப்பு? பான்ஸில் கொங்கிறீற்றை உடைக்குமுன் உரிமையாளரோடு பேசினார்கள். முசலியில் உரிமையாளர் அப்போது புத்தளத்து அகதிக் கொட்டிலில் இருந்து ஊர் திரும்பும் வழி பார்த்துக்கொண்டிருந்தார்.

வங்காலை இந்த வகையில் சற்று நல்ல முன்மாதிரி. அது தேசிய பூங்கா அல்ல, சரணாலயம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். மக்கள் தம் வழமையான தொழிலையும் செய்யலாம். அதனால்தான் அங்கே ஒரு பக்கம் பூநாரையும், மறுபக்கம் வலை வீசும் மனிதரும், நடுவே மேயும் மாடும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர் மாட்டை விலக்கிப் படமெடுக்க முயல்வதைக் கண்டேன். மாடு ஒத்துழைக்கவில்லை.

மீண்டும் வரும் ஆலைகள்

தொழில் ஓய்ந்த கரை என்று இதுவரை எழுதினேன். இப்போது தொழில் திரும்பி வருகிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது: 30 காற்றாலைகள், 103.5 மெகாவோட். நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் பெறுவது நாட்டுக்கு நன்மையே. எனினும் பருவக்காற்றைப் பிடிக்க உகந்த அதே வாசல்தான் பறவைகள் நாட்டுக்குள் நுழையும் வாசலும். அடுத்து இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவோட் திட்டத்தோடு வந்தது. வலசைப் பாதையைச் சுட்டிக்காட்டிச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. மின்சார விலையை மீண்டும் பேச வேண்டும் என்று புதிய அரசாங்கம் கூறியபின், 2025 பெப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது. அதோடு முடியவில்லை. வேறு காற்றாலைகளுக்கும், இல்மனைற் கலந்த கனிம மணலை அகழும் முயற்சிக்கும் எதிராக 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரமே உள்ள தீவில் மணலை வாரினால் நன்னீர்க் கிணறுகள் என்னாகும் என்பது அவர்களின் கேள்வி. வடக்கே விடத்தல்தீவில் 2016இல் அறிவிக்கப்பட்ட இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டெயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென விடுவிக்க 2024 மே மாதத்தில் வர்த்தமானி வந்தது. நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

இவற்றை அடுக்கிப் பார்க்கும்போது ஒரு முரண் புலப்படுகிறது. முசலியில் மக்கள் கேட்டபோது அரசாங்கம் காட்டின் எல்லையை அசைக்க முடியாது என்றது. விடத்தல்தீவில் இறால் வளர்ப்புக்கு வேண்டியபோது எல்லை அசைந்தது. ஒதுக்கம் என்பது பறவைக்காக என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். மக்களுக்கு எதிராக இறுகியும் கம்பனிக்காக இளகியும் இருக்கும் எல்லை, நாளடைவில் பறவைக்கும் உதவாது. அரிப்புக் கரை இதற்குச் சான்று. கடலையே இருபது ஆண்டுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அன்று அக்கரையின் குளியாளரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. பேராசிரியரின் அறிக்கை இருந்தது, கம்பனியின் கணக்கு இருந்தது, தேசாதிபதியின் ஒப்பம் இருந்தது. முத்துத்தான் இல்லாமற் போயிற்று.

மன்னார் ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்போர் முதலில் செய்யத்தக்க ஒன்றைக் கூறி முடிக்கிறேன். வங்காலையில் பறவைகளின் பட்டியல் இருக்கிறது. மனிதரின் பட்டியல் இல்லை. எந்தப் பாரில் எவர் குளித்தார், எந்தக் களப்பில் எவர் வலை வைத்தார், எந்த வளவு எவருடையது, எந்த ஆண்டில் எதற்காகப் போனார் என்பதெல்லாம் இன்னும் சில முதியவர்களின் நினைவில் மாத்திரம் உள்ளன. மன்னாரின் பாடசாலைகளும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், ஊர்ச் சங்கங்களும், புலம்பெயர்ந்த மன்னார் மக்களும் சேர்ந்து அதை எழுதிவைக்கலாம். அடுத்த வர்த்தமானி வரும்போது செய்மதிப் படத்தின் பக்கத்தில் வைக்க அந்த ஏடு வேண்டும்.

போக விரும்புவோர் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போவது நல்லது. வெயில் ஏறுமுன் திருக்கேதீச்சரச் சந்தியிலிருந்து பாலம் வரை மெதுவாகச் செல்லுங்கள். பறவைகளைப் பார்த்த பின்னர் திரும்பிவிடாமல் அரிப்புக்கும் ஒருமுறை போங்கள். நோர்த்தின் மாளிகைச் சுவர்களை ஆண்டுதோறும் கடல் அரித்துக்கொண்டே வருகிறது.